ஆறு புள்ளி ஏறியது கூட்டுமுயற்சியாலா? பள்ளி மேம்பாட்டுக் கூட்டுமுயற்சிகளின் தாக்கத்தை அளப்பது எப்படி?

கேட்கப்பட்ட கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பின்தங்கிய பன்னிரண்டு பள்ளிகளை வலுவான மூன்று பள்ளிகளோடு இணைத்து மூன்று ஆண்டுகளாக ஒரு கூட்டுமுயற்சி நடக்கிறது. ஆசிரியர்கள் ஒருவர் வகுப்பை ஒருவர் போய்ப் பார்க்கிறார்கள், பாடங்களைச் சேர்ந்து திட்டமிடுகிறார்கள், தலைமை ஆசிரியர்கள் மாதம் ஒருமுறை கூடுகிறார்கள். அந்தப் பன்னிரண்டு பள்ளிகளின் தேர்ச்சி விகிதம் சராசரியாக 58 சதவீதத்திலிருந்து 64 சதவீதமாக ஏறியிருக்கிறது. நிதி தருபவர்கள் தாக்கத்தைக் காட்டச் சொல்கிறார்கள். இந்த ஆறு புள்ளியைத் தாக்கம் என்று எழுதலாமா? முடியாதென்றால் எதை அளப்பது, எப்படி அளப்பது?

அப்படியே எழுத முடியாது. ஆனால் தாக்கமே இல்லை என்றும் அதற்கு அர்த்தம் கிடையாது. ஆறு புள்ளி என்பது முன்னும் பின்னும் உள்ள வித்தியாசம். தாக்கம் என்பது, கூட்டுமுயற்சி நடந்ததால் வந்த நிலைக்கும் அது நடக்காமலே இருந்திருந்தால் வந்திருக்கக்கூடிய நிலைக்கும் உள்ள வித்தியாசம். இரண்டாவது நிலையை யாராலும் நேரில் பார்க்க முடியாது. அதை எவ்வளவு நியாயமாக ஊகிக்கிறோம் என்பதில்தான் மொத்த வேலையும் இருக்கிறது.

முதலில் தற்செயலின் பங்கைப் பார்ப்போம். ஒரு பள்ளியில் தேர்வெழுதும் வகுப்பில் 40 பிள்ளைகள், தேர்ச்சி 60 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பள்ளியில் எதுவுமே மாறாவிட்டாலும், ஒவ்வோர் ஆண்டும் வருகிற பிள்ளைகள் வேறு என்பதாலேயே அந்த விகிதம் ஆடும். அந்த ஆட்டத்தின் திட்டப் பிழை, அதாவது தற்செயலால் மட்டுமே விகிதம் வழக்கமாக எவ்வளவு விலகும் என்ற அளவு, சுமார் 7.7 புள்ளி. இரண்டு ஆண்டுகளின் வித்தியாசத்துக்கு அது சுமார் 11 புள்ளியாகிவிடும். அதாவது இப்படிப்பட்ட பள்ளிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று, எந்தக் காரணமும் இல்லாமலே 11 புள்ளிக்கு மேல் ஏறியோ இறங்கியோ காட்டும். "எங்கள் பள்ளிகளில் ஒன்று 15 புள்ளி ஏறியது" என்ற வெற்றிக்கதை அறிக்கையின் முதல் பக்கத்தில் வருகிறபோது எனக்குக் கவலையாக இருப்பது இதனால்தான். அதே பன்னிரண்டில் இன்னொன்று 9 புள்ளி இறங்கியிருக்கும், அதைப் பற்றி ஒரு வரியும் இருக்காது.

பன்னிரண்டையும் சேர்த்தால் 480 பிள்ளைகள், இரண்டு ஆண்டு வித்தியாசத்தின் அந்த 11 புள்ளி ஆட்டம் சுமார் 3 புள்ளியாகக் குறையும். ஆனால் இது பிள்ளைகள் ஒருவருக்கொருவர் தொடர்பில்லாதவர்கள் என்று வைத்துப் போட்ட கணக்கு. ஒரே பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரே ஆசிரியர், தேர்வு வாரத்தில் ஒரே சூழ்நிலை. அந்த ஆண்டு கணக்கு ஆசிரியர் நீண்ட விடுப்பில் போனால் நாற்பது பேருக்கும் ஒன்றாகத்தான் அடி விழும். ஆகவே உண்மையான ஆட்டம் இன்னும் பெரிது. பள்ளி அளவில் ஒரு தலையீட்டை அளக்கும்போது உங்கள் கையில் இருக்கும் எண்ணிக்கை 480 இல்லை, பன்னிரண்டுக்குத்தான் பக்கத்தில் இருக்கும். இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதித் தவறுகள் நடக்காமலே போகும்.

இரண்டாவது சிக்கல் இன்னும் நுட்பமானது. அந்தப் பன்னிரண்டு பள்ளிகளை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள்? பெரும்பாலும், முந்தைய ஆண்டு முடிவு மிக மோசமாக இருந்த பள்ளிகளைத்தான் எடுப்பார்கள். மோசமான முடிவில் ஒரு பங்கு உண்மையான பலவீனம், ஒரு பங்கு அந்த ஆண்டின் துரதிர்ஷ்டம். துரதிர்ஷ்டம் அடுத்த ஆண்டும் அதே அளவில் வராது. ஆகவே எதுவும் செய்யாவிட்டாலும் அந்தப் பள்ளிகள் சராசரியை நோக்கிக் கொஞ்சம் ஏறும். பிரான்சிஸ் கால்டன் 1886-இல் பெற்றோர், பிள்ளைகளின் உயரத்தை வைத்து விளக்கிய அதே விஷயம் இது. கடைசி ஓராண்டின் முடிவை மட்டும் பார்த்துப் பள்ளிகளைத் தேர்ந்தெடுத்திருந்தால், உங்கள் ஆறு புள்ளியில் ஒரு பகுதி இதற்குப் போய்விடும். குறைந்தது மூன்று ஆண்டுகளின் சராசரியைப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருந்தால் இந்தப் பங்கு குறைவு. எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்பதை அறிக்கையில் வெளிப்படையாக எழுதுவது அதனால்தான் முக்கியம்.

மூன்றாவது, காலத்தோடு எல்லாப் பள்ளிகளும் நகர்வது. வினாத்தாள் எளிதானால், பாடநூல் மாறினால், அரசு புதிய ஆசிரியர்களை நியமித்தால் எல்லா இடத்திலும் ஏறும். கூட்டுமுயற்சியில் இல்லாத பள்ளிகளும் 5 புள்ளி ஏறியிருந்தால் உங்கள் பங்கு ஒரு புள்ளிதான். அவை 2 புள்ளி இறங்கியிருந்தால் உங்கள் பங்கு எட்டுக்குப் பக்கத்தில் இருக்கலாம். இந்தக் கணக்கு உங்களுக்குச் சாதகமாகவும் வரும் என்பதைச் சொல்லத்தான் இரண்டாவதையும் எழுதுகிறேன். ஒப்பீடு என்றாலே நம் உழைப்பைச் சிறுமைப்படுத்துவது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை.

இந்த மூன்றும் சேர்ந்து எவ்வளவு பெரிய இடத்தில் குழப்பம் செய்யும் என்பதற்கு லண்டனைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. லண்டன் சேலஞ்ச் என்ற திட்டம் 2003-இல் தொடங்கி 2011 வரை நடந்தது. லண்டன் பள்ளிகளுக்கான முதல் தலைமை ஆலோசகராக டிம் பிரைட்ஹவுஸ் இருந்தார். ஒரே மாதிரியான பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளைக் 'குடும்பங்களாக'த் தொகுத்து, "உங்களைப் போன்ற பிள்ளைகளை வைத்துக்கொண்டே இந்தப் பள்ளி இவ்வளவு செய்கிறதே" என்று தரவுகளோடு காட்டினார்கள். தடுமாறிய பள்ளிகளுக்கு அனுபவமுள்ள ஆலோசகர்களை ஒதுக்கினார்கள். வலுவான பள்ளிகளின் தலைமை ஆசிரியர்களும் ஆசிரியர்களும் மற்றப் பள்ளிகளுக்கு உதவினார்கள். ஒரு காலத்தில் இங்கிலாந்திலேயே மோசமாகப் பேசப்பட்ட லண்டன் பள்ளிகள், ஏழைப் பிள்ளைகளின் முடிவுகளில் நாட்டிலேயே முன்னுக்கு வந்தன. பள்ளிகளை நேரில் ஆய்வு செய்யும் இங்கிலாந்து அரசு அமைப்பான ஆஃப்ஸ்டெட் 2010-இல் திட்டத்தைப் பாராட்டி அறிக்கை கொடுத்தது. பள்ளிகள் ஒன்றுக்கொன்று உதவினால் என்ன நடக்கும் என்பதற்கு அது உலகம் முழுக்க எடுத்துக்காட்டாகப் பேசப்பட்டது.

அப்புறம் 2014-இல் இரண்டு ஆய்வுகள் வந்தன. பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் சைமன் பர்ஜஸ், லண்டன் பிள்ளைகளின் இனக்குழுக் கலவையைக் கணக்கில் எடுத்தால் லண்டனுக்கென்று இருந்த அந்த முன்னிலை ஏறக்குறைய மறைந்துவிடுகிறது என்று காட்டினார். புலம்பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் அதிகம் இருப்பதும், அவர்களிடம் இருக்கும் கல்வி வேட்கையும் பெரும் பங்கு வகிப்பதாக அவர் வாதிட்டார். நிதி ஆய்வுக் கழகம் என்ற ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் பங்கேற்ற இன்னொரு ஆய்வு, முன்னேற்றத்தின் பெரும்பகுதி 1990-களின் பிற்பகுதியிலேயே தொடக்கப் பள்ளிகளில் ஆரம்பித்துவிட்டது என்றது. லண்டன் சேலஞ்ச் தொடங்கியது மேல்நிலைப் பள்ளிகளில், அதுவும் 2003-இல்தான். தொடக்கப் பள்ளியிலேயே நன்றாகப் படித்துவிட்டு வந்த பிள்ளைகள் மேல்நிலையில் நன்றாகத் தேர்வெழுதியபோது, அந்த நேரத்தில் நடந்துகொண்டிருந்த திட்டத்துக்குப் பெயர் போய்ச் சேர்ந்தது என்பது இவர்கள் சொல்வதன் சாரம்.

இதனால் லண்டன் சேலஞ்ச் வீண் என்று ஆகிவிடுமா? ஆகாது. அதன் பங்கு என்ன என்ற விவாதம் தீரவில்லை. உள்ளே இருந்து வேலை செய்தவர்கள் சொல்வதை ஒதுக்கித் தள்ளவும் முடியாது. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது ஒன்றுதான். இவ்வளவு பெரிய, இவ்வளவு தரவு வளம் உள்ள திட்டத்திலேயே, தொடங்கும்போது ஒப்பீட்டுக்கு வழி செய்து வைக்காததால், பத்தாண்டு கழித்தும் "எவ்வளவு பங்கு நம்முடையது" என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. முடிந்த பிறகு தாக்கத்தைத் தேடுவது அவ்வளவு கடினம்.

சரி, ஒப்பீட்டுக்கு என்ன செய்யலாம்? பலரும் செய்வது, கூட்டுமுயற்சியில் சேர்ந்த பள்ளிகளைச் சேராத பள்ளிகளோடு ஒப்பிடுவது. இதில் ஒரு பொறி இருக்கிறது. சேர்ந்தவை பெரும்பாலும் ஆர்வமுள்ள தலைமை ஆசிரியர் இருக்கும் பள்ளிகள். அவர் எப்படியும் பள்ளியை முன்னேற்றியிருப்பார். ஆகவே வெறுமனே சேராதவற்றை எடுக்காமல், முந்தைய நான்கைந்து ஆண்டுகளின் முடிவுகளும் அவற்றின் போக்கும், பள்ளியின் அளவும், பிள்ளைகளின் குடும்பப் பின்னணியும் நெருக்கமாக இருக்கும் பள்ளிகளைத் தேடி இணை சேர்க்க வேண்டும். ஒரு பள்ளிக்கு ஓர் இணை போதாது, மூன்று நான்கு இருந்தால் தற்செயல் ஆட்டம் குறையும். இங்கிலாந்தில் கிறிஸ்டோபர் சாப்மேன், டேனியல் மெயிஸ் குழுவினர் பள்ளிக் கூட்டமைப்புகளை ஆராய்ந்தபோது இப்படி இணை சேர்த்துத்தான் பார்த்தார்கள். வலுவான பள்ளியும் பலவீனமான பள்ளியும் சேர்ந்த கூட்டமைப்புகளில் பலன் தெரிந்தது, அது தெரிய இரண்டு முதல் நான்கு ஆண்டுகள் ஆயின என்பது 2011-இல் அவர்கள் சொன்ன முடிவு. முதல் ஆண்டிலேயே மதிப்பெண்ணைக் கேட்கும் நிதியாளர்களுக்கு இதை எடுத்துக்காட்டலாம்.

இதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது, செலவும் அதிகமில்லை. எந்தக் கூட்டுமுயற்சியும் எல்லாப் பள்ளிகளையும் ஒரே நாளில் சேர்ப்பதில்லை. ஆள் போதாது, பணம் போதாது. இந்த ஆண்டு நான்கு, அடுத்த ஆண்டு நான்கு என்றுதான் சேர்ப்பார்கள். அந்த வரிசையைக் குலுக்கல் போட்டு முடிவு செய்துவிடுங்கள். பின்னால் சேரப்போகும் பள்ளிகள் அதுவரை ஒப்பீட்டுப் பள்ளிகளாக இருக்கும். அவையும் சேர விரும்பியவையே என்பதால் ஆர்வத்தில் வித்தியாசமில்லை. யாருக்கும் உதவி மறுக்கப்படவுமில்லை. "பாதிப் பிள்ளைகளுக்கு மட்டும் நல்லது செய்வது நியாயமா" என்று இத்தகைய சோதனைகளைப் பற்றி எழும் கேள்விக்கு இதைவிட நேர்மையான பதில் எனக்குத் தெரியவில்லை. உங்கள் முயற்சி விரிவடையப் போகிறது என்றால் அடுத்த தொகுதிப் பள்ளிகளுக்கு இதைக் கட்டாயம் செய்யுங்கள்.

இதிலும் ஒரு கவனம் வேண்டும். ஒப்பீட்டுப் பள்ளிகள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்காது. ஆசிரியர்கள் கூடிப் பாடத்தைத் திட்டமிட்டு, ஒருவர் நடத்த மற்றவர்கள் கவனித்துத் திருத்தும் முறையை இங்கிலாந்தில் பெரிய அளவில் சோதித்து, 2017-இல் முடிவு வெளியிட்டார்கள். பிள்ளைகளின் முடிவுகளில் பலன் தெரியவில்லை. ஆனால் ஒப்பீட்டுக்கு வைத்த பள்ளிகள் சிலவற்றிலும் அதே மாதிரியான வேலை வேறு பெயரில் நடந்திருந்தது. ஆகவே ஒப்பீட்டுப் பள்ளிகளில் என்ன நடக்கிறது என்பதையும் ஆண்டுக்கு ஒருமுறையாவது கேட்டு எழுதி வைக்க வேண்டும்.

மதிப்பெண்ணைப் பற்றி இவ்வளவு சொன்ன பிறகு, நான் அதிக நேரம் செலவிடச் சொல்லும் இடம் வேறு. கூட்டுமுயற்சிக்கும் பிள்ளையின் மதிப்பெண்ணுக்கும் நடுவே நீண்ட தூரம் இருக்கிறது. தலைமை ஆசிரியர்கள் கூடினார்கள், ஆசிரியர்கள் வகுப்பைப் பார்த்தார்கள், அதிலிருந்து ஒன்றைக் கற்றார்கள், திரும்பிப் போய்த் தங்கள் வகுப்பில் செய்தார்கள், அது நிலைத்தது, பிள்ளைகள் வேறுவிதமாகப் படித்தார்கள், கடைசியில் தேர்வில் தெரிந்தது. இதில் எங்கே சங்கிலி அறுந்தாலும் முடிவு பூஜ்யம். பெரும்பாலான அறிக்கைகள் முதல் கண்ணியையும் கடைசிக் கண்ணியையும் மட்டும் அளக்கின்றன. "47 கூட்டங்கள் நடந்தன" என்று ஒரு பக்கம், "தேர்ச்சி ஏறியது" என்று ஒரு பக்கம். நடுவில் ஒன்றுமே இல்லை. தேர்ச்சி ஏறாவிட்டால், திட்டமே தவறா, சரியாக நடத்தவில்லையா, இன்னும் காலம் ஆகவில்லையா என்று அந்த அறிக்கையை வைத்துச் சொல்ல முடியாது. ஏறினாலும் எதைத் தொடர வேண்டும் என்று தெரியாது.

ஆசிரியர் பயிற்சிகளை மதிப்பிடுவதற்குத் தாமஸ் கஸ்கி ஐந்து நிலைகளைச் சொன்னார்: பங்கேற்றவர்களின் கருத்து, அவர்கள் கற்றது, பள்ளி நிர்வாகம் தந்த ஆதரவும் அங்கே வந்த மாற்றமும், கற்றதை வகுப்பில் பயன்படுத்துவது, பிள்ளைகளின் கற்றல். மதிப்பிடும்போது முன்னிருந்து பின்னாகப் போகலாம், ஆனால் திட்டமிடும்போது கடைசியிலிருந்து தொடங்க வேண்டும் என்பது அவருடைய அறிவுரை. பிள்ளைகளிடம் என்ன மாற வேண்டும்? அதற்கு வகுப்பறையில் என்ன மாற வேண்டும்? அதற்குப் பள்ளி என்ன ஏற்பாடு செய்து தர வேண்டும்? அதற்கு ஆசிரியருக்கு என்ன தெரிய வேண்டும்? கூட்டுமுயற்சிக்கும் இது அப்படியே பொருந்தும். "கற்பித்தல் தரத்தை உயர்த்துவோம்" என்று தொடங்கினால் அளக்க ஒன்றும் கிடைக்காது. "எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பின்னக் கணக்கில் எங்கே தடுமாறுகிறார்கள் என்று ஆசிரியர் வாரம் ஒருமுறை கண்டுபிடித்து, அதற்கேற்ப அடுத்த வாரப் பாடத்தை மாற்றுவார்" என்று எழுதினால் அளக்கலாம்.

எப்படி அளப்பது? ஐந்து விஷயங்களுக்கு மேல் இல்லாத ஒரு கவனிப்புப் படிவம் போதும். ஆசிரியர் கேட்ட கேள்விகளில் எத்தனைக்குப் பிள்ளை ஒரு வாக்கியத்துக்கு மேல் பதில் சொன்னது, தவறான பதில் வந்தபோது ஆசிரியர் என்ன செய்தார், பின்வரிசைப் பிள்ளைகளை எத்தனை முறை கேட்டார் என்பது போல, பார்த்து எண்ணக்கூடியவை. "ஆர்வமூட்டும் சூழல் இருந்ததா" என்பது போன்ற வரிகளை வைக்காதீர்கள், எல்லோரும் ஐந்துக்கு நான்கு போட்டுவிடுவார்கள். கவனிப்பவர் அந்தக் கூட்டுமுயற்சியை நடத்துகிறவராக இல்லாமல் இருந்தால் நல்லது. ஒரே வகுப்பை இரண்டு பேர் தனித்தனியாகக் கவனித்து ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கமும் வேண்டும், இல்லாவிட்டால் மாறியது வகுப்பா, கவனிப்பவரின் மனநிலையா என்று தெரியாது. முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போகும் ஒரு நாளை மட்டும் நம்பாமல், பிள்ளைகளின் நோட்டுப் புத்தகங்களையும் பாருங்கள். ஆறு மாத நோட்டை ஒரு நாளுக்காக யாராலும் மாற்றி எழுத முடியாது. ஆசிரியர் திருத்தியதும், அதற்குப் பிள்ளை திரும்பச் செய்ததும் அதில் அப்படியே இருக்கும். என் கணக்கில் இதுதான் மலிவான, மிகவும் நம்பத்தக்க சான்று. ஏனோ அதிகம் பயன்படுத்தப்படுவதில்லை.

கூட்டுமுயற்சியின் தரத்தையே அளப்பது இன்னொரு வேலை. சிகாகோ பள்ளிகளை அந்தோனி பிரைக்கும் பார்பரா ஷ்னைடரும் 1990-களில் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். ஆசிரியர்கள், தலைமை ஆசிரியர், பெற்றோர் இடையே நம்பிக்கை வலுவாக இருந்த பள்ளிகளில் இரண்டில் ஒன்று முன்னேறியது. நம்பிக்கை பலவீனமாக இருந்த பள்ளிகளில் ஏழில் ஒன்றுதான். நம்பிக்கை இருந்தாலே முன்னேற்றம் வந்துவிடும் என்று இதற்கு அர்த்தமில்லை, ஆனால் அது இல்லாமல் மற்ற எதுவும் ஊன்றுவதில்லை என்று தெரிகிறது. ஒரு பள்ளிக்குள்ளேயே இப்படி என்றால், இரண்டு பள்ளிகளுக்கு நடுவே சொல்லவே வேண்டாம். உதவி பெறும் பள்ளி ஆசிரியர்களுக்கு, தங்களை யாரோ வந்து சரிசெய்யப் பார்க்கிறார்கள் என்ற எண்ணம் வந்துவிட்டால், கூட்டங்கள் நடக்கும், கையெழுத்து இருக்கும், வகுப்பறைக் கதவு மட்டும் திறக்காது.

இதை அளக்க ஒரு எளிய கேள்வி உண்டு. ஆண்டுக்கு இரண்டு முறை ஒவ்வோர் ஆசிரியரிடமும் கேளுங்கள்: "கடந்த ஒரு மாதத்தில் பாடம் நடத்துவதில் சிக்கல் வந்தபோது யாரிடம் கேட்டீர்கள்?" பதில்களை வைத்து யார் யாரிடம் போகிறார்கள் என்று ஒரு வரைபடம் போடலாம். முதல் ஆண்டில் கோடுகள் எல்லாம் பள்ளிக்குள்ளேயே இருக்கும். அப்புறம் பள்ளிகளுக்கு நடுவே கோடுகள் வருகின்றனவா, அவை தலைமை ஆசிரியர்களோடு நின்றுவிடுகின்றனவா, வலுவான பள்ளி ஆசிரியர்களும் மற்றவர்களிடம் கேட்கத் தொடங்குகிறார்களா என்று பாருங்கள். ஒரே ஒருங்கிணைப்பாளர் வழியாகத்தான் எல்லாக் கோடும் போகிறது என்றால், அவர் மாற்றலாகிப் போகும் நாளில் கூட்டுமுயற்சியும் போய்விடும். இப்போதே தெரிந்தால் சரிசெய்யலாம்.

உதவி செய்யும் மூன்று பள்ளிகளையும் அளவீட்டில் சேருங்கள். தங்கள் நல்ல ஆசிரியர்களை வாரத்தில் ஒரு நாள் வெளியே அனுப்பும் பள்ளியில், அந்த வகுப்புகளை யார் எடுக்கிறார்கள்? அங்கே முடிவுகள் இறங்கினால் அதுவும் தாக்கம்தான், கணக்கில் வர வேண்டும். மாறாக, மற்றவர்களுக்குச் சொல்லித்தரப்போய்த் தங்கள் பாடத்தை ஆழமாக யோசித்து அவர்களும் வளர்ந்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும். இப்படி நடப்பதாக உதவி செய்யும் பள்ளிகள் பலமுறை சொல்லியிருக்கின்றன.

அளப்பதே கெடுதலாகிவிடும் ஆபத்தையும் சொல்லாமல் விட முடியாது. ஒரு எண்ணை வைத்து முக்கியமான முடிவுகளை எடுக்க எடுக்க அந்த எண் கெட்டுப்போகும், அது அளக்க வந்த விஷயத்தையும் கெடுக்கும் என்று சமூக அறிவியலாளர் டொனால்ட் கேம்ப்பெல் 1970-களில் எழுதினார். அமெரிக்காவின் அட்லாண்டாவில் 2009-ஆம் ஆண்டுத் தேர்வுகளில் விடைத்தாள்களைத் திருத்தி எழுதியது பற்றி நடந்த விசாரணையில், 44 பள்ளிகளில் முறைகேடு நடந்ததாகவும் 178 ஆசிரியர்களும் தலைமை ஆசிரியர்களும் ஈடுபட்டதாகவும் 2011-இல் அறிக்கை வந்தது. 2015-இல் 11 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. அவர்கள் எல்லோரும் கெட்டவர்களாகப் பிறந்தவர்கள் இல்லை. எட்ட முடியாத இலக்கை ஒரே எண்ணில் வைத்து, எட்டாவிட்டால் தண்டனை என்றால் இதுதான் நடக்கும்.

ஏமாற்று இல்லாமலும் எண் வழிதவறும். தேர்ச்சிக் கோட்டை அளவாக வைத்தால், கோட்டுக்குச் சற்றுக் கீழே இருக்கும் பிள்ளைகளுக்கு எல்லாக் கவனமும் போகும். டெரெக் நீல், டயான் ஷான்சன்பாக் இருவரும் சிகாகோ தரவுகளை வைத்து 2010-இல் காட்டியது இதைத்தான். நடுவில் இருந்த பிள்ளைகள் ஏறினார்கள், மிகவும் பின்தங்கியவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. எந்தப் பிள்ளைகளுக்காகக் கூட்டுமுயற்சி தொடங்கப்பட்டதோ அவர்களே கணக்கில் விடுபட்டுப் போவது எனக்கு மிகவும் வலிக்கிற விஷயம். ஆகவே தேர்ச்சி விகிதத்தோடு நிறுத்தாமல், மதிப்பெண் பரவல் முழுவதையும் காட்டுங்கள். அடிமட்டக் கால்வாசிப் பிள்ளைகள் எங்கிருந்து எங்கே வந்தார்கள் என்பதைத் தனியாக எழுதுங்கள். மொத்தம் எத்தனை பேர் தேர்வெழுதினார்கள் என்பதும் வேண்டும். 40 பேரில் 24 பேர் தேறினால் 60 சதவீதம். பலவீனமான நான்கு பிள்ளைகள் தேர்வுக்கு முன்பே பள்ளியை விட்டுப் போய்விட்டால் அதே 24 பேர் 67 சதவீதம் ஆகிவிடுவார்கள். உங்கள் ஆறு புள்ளியை நான் முதலில் சோதித்துப் பார்க்கும் இடம் இதுதான். முந்தைய வகுப்பில் பெயர் இருந்த எல்லாப் பிள்ளைகளையும் வகுக்கும் எண்ணாக வைத்து மறுபடி கணக்கிடுங்கள்.

எவ்வளவு ஏற்றத்தை எதிர்பார்க்கலாம் என்பதிலும் தெளிவு வேண்டும். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் குலுக்கல் முறையில் நடந்த 141 பெரிய கல்விச் சோதனைகளை ஹ்யூகோ லோர்ட்டி-ஃபோர்கஸ், மேத்யூ இங்லிஸ் இருவரும் 2019-இல் தொகுத்துப் பார்த்தார்கள். சராசரிப் பலன் 0.06 திட்ட விலக்கம்தான். (பிள்ளைகளின் மதிப்பெண்கள் சராசரியிலிருந்து வழக்கமாக எவ்வளவு விலகியிருக்கின்றன என்ற அளவுதான் திட்ட விலக்கம்.) மேத்யூ கிராஃப்ட் 2020-இல் பரிந்துரைத்த அளவுகோலின்படி, பொதுத் தேர்வு மதிப்பெண்ணில் 0.05-க்குக் கீழே என்றால் சிறிய பலன், 0.05 முதல் 0.20 வரை நடுத்தரம், 0.20-க்கு மேலே பெரியது. உங்கள் கணக்கில் 0.5, 0.6 என்று வந்தால் மகிழ்வதற்கு முன்னால் எங்கே தவறியது என்று தேடுங்கள். நேர்மையான ஒப்பீட்டில் 0.1 வந்தால் அது கொண்டாட வேண்டிய முடிவு. அதைச் சின்னது என்று யாராவது சொன்னால், ஒரு பிள்ளைக்கு என்ன செலவில் அது வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்தச் செலவில் ஆசிரியர்களின் நேரமும் அடங்க வேண்டும். கூட்டுமுயற்சிகளின் உண்மையான செலவு அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

இப்போது உங்கள் நிலைமைக்கு வருகிறேன். மூன்று ஆண்டு முடிந்துவிட்டது, தொடக்கத்தில் எதையும் அளந்து வைக்கவில்லை, ஒப்பீட்டுப் பள்ளியும் இல்லை. இருந்தாலும் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. பொதுத் தேர்வு முடிவுகள் பழைய ஆண்டுகளுக்கும் பதிவில் இருக்கும். தொடங்குவதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகள், பிந்தைய மூன்று ஆண்டுகள் என எட்டு ஆண்டு முடிவுகளைப் பன்னிரண்டு பள்ளிகளுக்கும், இணையாகத் தேர்ந்தெடுத்த முப்பது நாற்பது பள்ளிகளுக்கும் எடுங்கள். இணைப் பள்ளிகளைக் கடைசி மூன்று ஆண்டு முடிவைப் பார்க்காமலே தேர்ந்தெடுத்து, பட்டியலை ஒருவரிடம் கொடுத்து முத்திரையிட்டு வைத்துவிடுங்கள். அப்புறம்தான் கடைசி மூன்று ஆண்டைத் திறந்து பார்க்க வேண்டும். தொடங்குவதற்கு முன்பே இரண்டு குழுக்களும் ஒரே போக்கில் நகர்ந்தன என்றால், பிறகு வரும் பிரிவை ஓரளவு நம்பலாம். முன்பே உங்கள் பள்ளிகள் வேகமாக ஏறிக்கொண்டிருந்தன என்றால், லண்டன் கதைதான்.

இன்னொன்று, பன்னிரண்டு பள்ளிகளும் ஒரே அளவு ஈடுபட்டிருக்காது. ஈடுபாடு அதிகமான பள்ளிகளில் பலன் அதிகமா, கூட்டுமுயற்சி தொட்ட பாடங்களில் ஏற்றமும் தொடாத பாடங்களில் ஏற்றமின்மையும் தெரிகிறதா என்று பாருங்கள். கணக்குப் பாடத்தில் மட்டும்தான் சேர்ந்து வேலை செய்தீர்கள், ஆனால் எல்லாப் பாடத்திலும் அதே ஆறு புள்ளி ஏறியிருக்கிறது என்றால், காரணம் வேறு எங்கோ இருக்கிறது. கணக்குப் பாடத்தில் மட்டும் ஏற்றம் பிரிந்து தெரிந்தால் உங்கள் வாதம் வலுவாகிவிடும்.

கனடாவைச் சேர்ந்த ஜான் மெய்ன் முன்வைத்த பங்களிப்புப் பகுப்பாய்வு இந்த நிலைக்கு ஏற்றது. எங்களால்தான் நடந்தது என்று நிறுவ முயலாமல், எந்த வழியாக நடந்திருக்கும் என்ற சங்கிலியை எழுதி, ஒவ்வொரு கண்ணிக்கும் என்ன சான்று இருக்கிறது என்று காட்டி, வேறு என்ன காரணங்கள் இருந்திருக்கலாம் என்று நாமே பட்டியலிட்டு ஒவ்வொன்றையும் சோதிப்பது. புதிய ஆசிரியர்கள் வந்தார்களா? தலைமை ஆசிரியர் மாறினாரா? வேறு திட்டம் நடந்ததா? இதைச் செய்யும்போது கூட்டுமுயற்சியிலிருந்து விலகிய பள்ளியிடமும், ஒதுங்கியே நின்ற ஆசிரியர்களிடமும் கட்டாயம் பேசுங்கள். பாராட்டுகிறவர்கள் சொல்லாத விவரங்கள் அவர்களிடம்தான் கிடைக்கும். பேட்டி எடுப்பவர் உங்கள் அமைப்பில் சம்பளம் வாங்குபவராக இருக்க வேண்டாம்.

நிதி தருபவர்களுக்கு எழுதும்போது ஒற்றை எண்ணைக் கொடுக்காமல் ஓர் எல்லையைக் கொடுங்கள். "இணைப் பள்ளிகளோடு ஒப்பிட்டால் வித்தியாசம் சுமார் 3 புள்ளி, இது பூஜ்யத்திலிருந்து 7 வரை எங்கும் இருக்கலாம். இத்தனை ஆசிரியர்களின் வகுப்பில் இந்த மாற்றம் தெரிகிறது. இந்த இரண்டு பள்ளிகளில் எதுவும் ஊன்றவில்லை, அதற்குக் காரணமாக நாங்கள் நினைப்பது இது" என்கிற மாதிரி. இப்படி எழுதினால் நிதி நின்றுவிடும் என்ற பயம் எல்லோருக்கும் இருக்கிறது. ஊன்றாத இரண்டு பள்ளிகளைப் பற்றி நேராகச் சொல்கிற அறிக்கையில் மற்றப் பத்தையும் நம்பலாம் என்று, விஷயம் தெரிந்த நிதியாளர் எவருக்கும் புரியும்.

அதே கடிதத்தில் ஒரு சிறு தொகையைத் தனியாகக் கேளுங்கள்: நிதி நின்ற பிறகு ஓராண்டு கழித்து அதே வகுப்பறைகளுக்குப் போய், அதே ஐந்து வரிப் படிவத்தோடும் அதே "யாரிடம் கேட்டீர்கள்" கேள்வியோடும் மறுபடி அளப்பதற்கு. பயணச் செலவுக்கும் ஒருவரின் இரண்டு மாதச் சம்பளத்துக்கும் மேல் ஆகாது. திட்டம் முடியும்போதே ஒதுக்கி வைக்காவிட்டால் பிறகு அதற்குப் பணம் தர யாரும் இருக்க மாட்டார்கள்.